லாகீஸ்: யூதாவின் பெரிய அரண் நகரத்தின் அகழாய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எருசலேமுக்கு அடுத்தபடியாக யூதா நாட்டின் முதன்மையான நகரமாக விளங்கிய லாகீசைப் பற்றி, வேதாகமம் வாசிப்பவர்களும் வரலாற்று மாணவர்களும் பல கேள்விகளைக் கேட்கிறார்கள். கி.மு. 701இல் நடந்த ஒரு படையெடுப்பைக் குறித்து வென்றவனின் சிற்பம், வென்றவனின் ஆண்டுக்குறிப்பு, தோற்றவர்களின் நூல், நிலத்தடிச் சாம்பல் ஆகிய நான்கும் நமக்குக் கிடைத்திருப்பது பண்டைய உலகில் மிக அரிய வாய்ப்பு. நான்கையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்த வாய்ப்பு வீணாகிவிடும். ஆகவே கீழ்வரும் பதில்களில் ஒவ்வொரு சான்றும் முதலில் தனியே விசாரிக்கப்பட்டு, பிறகே மற்றவற்றோடு ஒப்பிடப்படுகிறது.

லாகீஸ் எங்கே இருக்கிறது?

எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், எப்ரோன் மலைநாட்டுக்கும் மத்தியதரைக் கடற்கரைச் சமவெளிக்கும் இடைப்பட்ட செபேலா எனப்படும் தாழ்ந்த குன்றுப் பகுதியில், தெல் லாகீஸ் என்ற பெரிய மேடாக இன்று காணப்படுகிறது. அரபு மொழியில் அதற்குத் தெல் எத்-துவேர் என்று பெயர். கடற்கரையிலிருந்து எப்ரோன் வழியாக மலைநாட்டுக்கு ஏற நினைக்கும் எந்தப் படையும் இந்த மேட்டைக் கடந்தாக வேண்டும் அல்லது கைப்பற்றியாக வேண்டும். சுற்றிலும் வளமான மண்ணும் திராட்சை விளையும் சரிவுகளும் இருக்கின்றன. நகரத்துக்குள் 44 மீட்டர் ஆழமுள்ள கிணறும் இருந்தது. நீண்ட முற்றுகையைத் தாங்க வேண்டிய ஊருக்கு மதிலைப் போலவே கிணறும் இன்றியமையாதது.

இந்த மேடுதான் லாகீஸ் என்று எப்படித் தெரியும்?

தொடக்கத்தில் அறிஞர்கள் வேறொரு மேட்டையே லாகீஸ் என்று நம்பினார்கள். 1890இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி, மேற்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள தெல் எல்-ஹேசியைத் தோண்டியபோது, தாம் லாகீசைத் தோண்டுவதாகவே கருதினார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே கிடைத்த ஆப்பெழுத்துப் பலகை ஒன்றில் சிம்ரித்தா என்ற பெயர் இருந்தது. எகிப்தின் அமர்னா மடல்களில் லாகீசின் ஆட்சியாளனாகக் குறிப்பிடப்படுபவனின் பெயரும் அதுவே என்பதால் அந்த நம்பிக்கை மேலும் வலுத்தது. ஆனால் ஹேசி மேடு அரச நகரத்துக்குப் போதாத அளவு சிறியது. 1929இல் அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் ஆல்பிரைட் தெல் எத்-துவேரையே லாகீசாகக் கொள்ள வேண்டும் என்று முன்மொழிந்தார். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய திருச்சபை வரலாற்றாசிரியர் எசேபியு, எலியூத்தெரோப்போலிஸ் என்ற ரோமர் காலத்து நகரத்திலிருந்து தெற்கே செல்லும் வழியில் ஏழாவது மைலில் லாகீஸ் என்ற சிற்றூர் இருந்ததாகக் குறித்திருப்பதும் இந்த இடத்தோடு ஓரளவு பொருந்துகிறது. மேட்டின் அளவு, அடுக்குகளின் காலம், 701ஆம் ஆண்டு முற்றுகையின் தடயங்கள் எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது இன்று இதை மறுப்பவர்கள் மிகச் சிலரே. நகரத்தின் பெயரைத் தாங்கிய வாயிற்கல் எதுவும் கிடைக்கவில்லை; பல சான்றுகளின் கூட்டு எடையாலேயே இந்த முடிவு நிற்கிறது.

யார் யார் இங்கே அகழாய்வு செய்தார்கள்?

1932இலிருந்து 1938 வரை ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி தலைமையிலான பிரிட்டிஷ் குழுவினர் முதல் பெரிய அகழாய்வை நடத்தினர். 1938 ஜனவரியில், எருசலேமில் பாலஸ்தீனத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்டார்க்கி, எப்ரோனுக்கு அருகே ஆயுதம் தாங்கியவர்களால் கொல்லப்பட்டார். அக்குழுவில் தொடக்கத்திலிருந்தே பணியாற்றிய ஒல்கா டஃப்னெல், எஞ்சிய பதிவேடுகளையும் பானை ஓடுகளையும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து அறிக்கைகளை வெளிக்கொண்டுவந்தார். அவருடைய உழைப்பு இல்லாமற்போயிருந்தால் ஸ்டார்க்கியின் அகழாய்வு வெறும் குழிகளாகவே மிஞ்சியிருக்கும்.

1966, 1968 ஆண்டுகளில் யோகானான் அகரோனி மேட்டின் கிழக்குப் பகுதியில் சிறிய அளவில் தோண்டினார். 1973இலிருந்து 1994 வரை தெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் டேவிட் உசிஷ்கின் நடத்திய நீண்ட அகழாய்வுதான் இன்றைய புரிதலுக்கு அடித்தளம். அதன் முழு அறிக்கை 2004இல் ஐந்து தொகுதிகளாக வந்தது. 2013இலிருந்து 2017 வரை யோசெப் கார்ஃபிங்கெல் குழுவினரும், அதன் பின்னர் ஆஸ்திரிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்களும் பணியாற்றியுள்ளனர். நகர வாயிலை இஸ்ரேல் தொல்பொருள் துறை தனியே முழுமையாகத் தோண்டியது.

"மூன்றாம் அடுக்கு", "இரண்டாம் அடுக்கு" என்று சொல்வதன் பொருள் என்ன?

இடிந்த ஊரின் மேல் அடுத்த தலைமுறை மறுபடியும் ஊர் கட்டுவதால் மேடு உயர்ந்துகொண்டே போகிறது. தோண்டுபவர் மேலிருந்து கீழே செல்வதால் எண்ணிக்கையும் மேலிருந்தே தொடங்குகிறது. லாகீசில் முதலாம் அடுக்கு பாரசீக, கிரேக்கக் காலங்களுக்குரியது. இரண்டாம் அடுக்கு பாபிலோனியரால் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்த நகரம். மூன்றாம் அடுக்கு கி.மு. 701இல் அசீரியரால் எரிக்கப்பட்ட நகரம். நான்காம், ஐந்தாம் அடுக்குகள் அதற்கு முந்திய யூதா அரசர்களின் காலத்தவை. ஆறாம், ஏழாம் அடுக்குகளும் அவற்றுக்குக் கீழுள்ளவையும் கானானியருடையவை.

கானானியர் காலத்து லாகீசைப் பற்றி என்ன தெரியவந்திருக்கிறது?

கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா மடல்களில் லாகீசின் சிற்றரசர்கள் எகிப்திய மன்னனுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மேட்டின் அடிவாரத்தில், பழைய கோட்டை அகழி பயனற்றுப்போன பிறகு அதற்குள்ளேயே கட்டப்பட்ட ஒரு கோயிலை ஸ்டார்க்கி கண்டுபிடித்தார். மூன்று முறை எடுத்துக் கட்டப்பட்டு, கடைசியில் தீக்கிரையான கோயில் அது. அங்கே கிடந்த பலி விலங்குகளின் எலும்புகளில் பெரும்பாலானவை வலது முன்னங்காலின் எலும்புகள். லேவியராகமம் 7:32 வலது முன்னந்தொடையை ஆசாரியனுக்குரிய பங்கு என்கிறது. அதிலிருந்து கானானியக் கோயிலில் மோசேயின் சட்டம் நடைமுறையில் இருந்தது என்று சொல்ல முடியாது; இஸ்ரவேலரும் கானானியரும் ஒரே நிலப்பகுதியின் பலிமுறைகளைப் பகிர்ந்துகொண்டவர்கள் என்ற அளவில் சொல்லலாம். அதே கோயிலின் அருகே கிடைத்த கூஜா ஒன்றில், ஏலாத் என்ற தேவிக்குச் செலுத்தப்பட்ட காணிக்கை எனப் பண்டைய கானானிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

எழுத்தின் வரலாற்றில் லாகீசுக்குத் தனி இடம் உண்டு. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சில எழுத்துகள் மட்டுமே கொண்ட சிறிய ஓடு ஒன்று 2021இல் வெளியிடப்பட்டது. அகரவரிசை எழுத்து சீனாய்ப் பாலைவனத்திலிருந்து கானான் தேசத்துக்குப் பரவிய காலத்தின் இடைவெளியை நிரப்புகிற சான்று அது. 2022இல் வெளியான தந்தச் சீப்பு இன்னும் வியப்பளிப்பது. அதன் நீளம் 3.5 சென்டிமீட்டர், அகலம் 2.5 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்களும், மறுபக்கம் பேன் வாரப் பதினான்கு மெல்லிய பற்களும் இருந்தன. பற்கள் எல்லாம் முறிந்து அடிக்கட்டை மட்டுமே எஞ்சியிருந்தாலும், ஒரு பல்லின் அடியில் பேனின் மேலோட்டுச் சிதைவு நுண்ணோக்கியில் தென்பட்டது. 2016இலேயே தோண்டியெடுக்கப்பட்ட அதன் மேல் எழுத்து இருப்பது பல ஆண்டுகள் கழித்தே கவனிக்கப்பட்டது. மிகச் சிறிய 17 எழுத்துகளில், இந்தத் தந்தம் தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் கீறப்பட்டிருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு கி.மு. 1700ஐ ஒட்டியது என மதிப்பிடப்பட்டுள்ளது. கானானிய மொழியில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் இதுவே மிகப் பழையது என்று அதை வாசித்தவர்கள் கருதுகிறார்கள். யானைத் தந்தம் வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதால், அது வசதி படைத்த ஒருவரின் சீப்பு.

யோசுவா லாகீசைப் பிடித்ததற்குத் தொல்லியல் சான்று இருக்கிறதா?

யோசுவா 10:31–32 இஸ்ரவேலர் லாகீசை இரண்டாம் நாளில் பிடித்ததாகச் சொல்கிறது. கானானிய நகரத்தின் ஏழாம் அடுக்கும் ஆறாம் அடுக்கும் கடுந்தீயில் அழிந்திருக்கின்றன என்பது உண்மை. ஆறாம் அடுக்கின் இடிபாடுகளுக்கு அடியில், மூன்றாம் ராம்சேசின் பெயர் பொறித்த வெண்கலக் கதவுப் பூண் ஒன்று கிடைத்தது. ஆகவே அந்த நகரம் அவனுடைய ஆட்சிக்கு முன்னர் அழிந்திருக்க முடியாது. உசிஷ்கின் அதன் முடிவைக் கி.மு. 1130ஐ ஒட்டி வைக்கிறார். யோசுவா பிடித்ததாக அதே நூல் சொல்லும் ஆத்சோர் முதலிய நகரங்கள் இதற்கு நெடுங்காலம் முன்பே, 13ஆம் நூற்றாண்டில், எரிந்துவிட்டன. எனவே எல்லா நகரங்களையும் ஒரே படையெடுப்பில் ஒரு தலைமுறைக்குள் பிடித்தார்கள் என்ற சித்திரத்துக்கு லாகீசின் மண் துணைநிற்கவில்லை. தீ வைத்தவர்கள் யார் என்று எந்த ஓடும் சொல்லவில்லை. இஸ்ரவேலர், கடல்வழி வந்த மக்கள், எகிப்தியர் என ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் முன்மொழிந்திருக்கிறார்கள். ஆறாம் அடுக்குக்குப் பின் இந்த இடம் நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்தது என்பது மட்டும் உறுதி.

கி.மு. 701இல் என்ன நடந்தது?

அசீரியப் பேரரசன் சர்கோன் கி.மு. 705இல் போர்க்களத்தில் மாண்டபின், யூதாவின் அரசன் எசேக்கியா கப்பம் கட்ட மறுத்தான். சர்கோனின் மகன் சனகெரிப் 701இல் பெரும்படையோடு வந்தான். 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தின்படி, சனகெரிப் லாகீசில் இருக்கும்போது எசேக்கியா அவனுக்கு ஆளனுப்பிப் பணிந்து, 300 தாலந்து (பழங்கால எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுக்க ஒப்புக்கொண்டான். சனகெரிப்பின் ஆண்டுக்குறிப்புகளோ, 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைச் சிறைப்பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டில் அடைத்த பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்ததாகவும், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் பெற்றதாகவும் சொல்கின்றன. பொன்னின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருப்பதும் வெள்ளியின் அளவு வேறுபடுவதும் கவனத்துக்குரியவை. எருசலேமைப் பிடித்ததாக அசீரியக் குறிப்பும் சொல்லவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. ஆண்டுக்குறிப்புகளில் லாகீசின் பெயரே இல்லை. வேதாகமமும் அந்நகரம் வீழ்ந்ததை விவரிக்கவில்லை, சனகெரிப் அங்கே தங்கியிருந்ததையே சொல்கிறது. நகரம் எப்படி வீழ்ந்தது என்பதைச் சிற்பமும் மண்ணுமே நமக்குக் காட்டுகின்றன.

அந்தச் சிற்பம் எங்கே கிடைத்தது? அதில் என்ன காட்டப்பட்டிருக்கிறது?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டின் ஹென்றி லேயார்ட், நினிவேயில் சனகெரிப்பின் அரண்மனையைத் தோண்டியபோது, ஓர் அறையின் சுவர்கள் முழுவதையும் ஒரே முற்றுகையின் காட்சிகள் நிறைத்திருக்கக் கண்டார். எஞ்சியுள்ள பலகைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 19 மீட்டர். கவண் எறிபவர்களும் வில்லாளிகளும் வரிசையாக முன்னேறுகிறார்கள். சரிவுப்பாதையில் மதிலிடிக்கும் பொறிகள் ஏறுகின்றன. மதில் மேலிருப்பவர்கள் எரியும் பந்தங்களை வீச, பொறிக்குள் இருக்கும் அசீரிய வீரன் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைக்கிறான். வாயில் வழியே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறுகிறார்கள். மாட்டுவண்டியில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் கழுவேற்றப்பட்டிருக்கிறார்கள், சிலர் உயிரோடு தோலுரிக்கப்படுகிறார்கள். வரிசையின் முடிவில் அரியணையில் வீற்றிருக்கும் அரசனுக்கு மேலே, உலகின் அரசனும் அசீரியாவின் அரசனுமான சனகெரிப் அரியணையில் அமர்ந்திருக்க லாகீசின் கொள்ளைப்பொருள்கள் அவன் முன்னே கொண்டுசெல்லப்பட்டன என்ற பொருளில் ஆப்பெழுத்துக் குறிப்பு இருக்கிறது. அவனுடைய முகத்தைப் பிற்காலத்தில் யாரோ சிதைத்துவிட்டார்கள்.

இது வென்றவன் தன் அரண்மனைக்கு வருவோரை அச்சுறுத்துவதற்காகச் செதுக்கியது என்பதை மறந்துவிடக்கூடாது. எருசலேமைப் பிடிக்க முடியாமற்போனதே அவன் லாகீசை இவ்வளவு விரிவாகச் செதுக்கியதற்குக் காரணமாயிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆயினும் சிற்பி காட்டியவற்றில் பல, மேட்டில் அப்படியே கிடைத்திருக்கின்றன.

அசீரியர் கட்டிய சரிவுப்பாதை உண்மையிலேயே கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது, இன்றும் மேட்டின் தென்மேற்கு மூலையில் அதைக் காணலாம். மற்றப் பக்கங்களில் மேடு செங்குத்தாக இறங்குகிறது; அந்த மூலையில் மட்டும் அது பக்கத்துக் குன்றோடு தாழ்வான முகடு ஒன்றினால் இணைந்திருப்பதால், தாக்குதலுக்கு இயல்பான இடம் அதுவே. ஸ்டார்க்கியின் குழுவினர் அங்கே குவிந்திருந்த கற்களின் ஒரு பகுதியை, அவை என்னவென்று அறியாமலே அகற்றிவிட்டார்கள். அது முற்றுகைப் பாதை என்பதை 1980களில் உசிஷ்கின் நிறுவினார். பழைய அண்மைக் கிழக்கு நாடுகளில் கிடைத்த முற்றுகைப் பாதைகளில் இதுவே மிகப் பழையது. அசீரியர் கட்டியவற்றுள் தரையில் எஞ்சியிருப்பதாக அறியப்பட்டதும் இது ஒன்றே.

அருகே நின்று பார்த்தால் அது கட்டுமானமாகவே தோன்றாது. ஓர் ஆள் தூக்கக்கூடிய கற்கள், ஒழுங்கு ஏதுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன. மேற்பரப்பில் மட்டும் அவை சாந்தினால் இறுகிப் பாறைபோல் ஆகியிருக்கின்றன, மேலே சக்கரப் பொறிகளை உருட்ட வேண்டுமல்லவா. உசிஷ்கின் இதன் எடையை 13,000 முதல் 19,000 டன் வரை மதிப்பிட்டார். 2021இல் கார்ஃபிங்கெலும் உடன் ஆய்ந்தவர்களும், சராசரியாக 6.5 கிலோ எடையுள்ள ஏறத்தாழ 30 லட்சம் கற்கள் தேவைப்பட்டிருக்கும் என்றும், ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்து நாளொன்றுக்கு 1,60,000 கற்களை இட்டிருந்தால் 25 நாளுக்குள் வேலை முடிந்திருக்கும் என்றும் கணக்கிட்டார்கள். இது கணக்கீடே அன்றிப் பதிவு அல்ல; ஆனாலும் அக்காலப் பேரரசின் ஆள்பலம் எத்தகையது என்பதை இது விளங்கவைக்கிறது.

நகரத்தார் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. மதிலுக்கு உட்புறம், பாதைக்கு நேர் எதிரே, பழைய இடிபாட்டு மண்ணை வாரிக் குவித்து மதிலைவிட உயரமான எதிர்மேடு ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். மதில் உடைந்தாலும் அடுத்த தடை தயாராக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த மூலையில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அம்புமுனைகளும், உருண்டையான கவண்கற்களும், துளையிட்ட பெருங்கற்களும், இரும்புச் சங்கிலித் துண்டு ஒன்றும் கிடைத்தன. மதிலிடிக்கும் பொறியின் முனையை மேலிருந்து கொக்கி போட்டு இழுக்க அச்சங்கிலி பயன்பட்டிருக்கலாம்.

மூன்றாம் அடுக்கு அழிந்தது கி.மு. 701இலா, 597இலா? இந்த விவாதம் ஏன் அவ்வளவு முக்கியம்?

இன்று தீர்ந்துவிட்ட விவாதம்தான். எனினும் தொல்லியல் எப்படி முடிவெடுக்கிறது என்பதை அறிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மூன்றாம், இரண்டாம் அடுக்குகள் இரண்டும் எரிந்திருப்பதைக் கண்ட ஸ்டார்க்கி, அவற்றுக்கிடையே குறைந்த கால இடைவெளியே இருந்ததாகக் கருதி, இரண்டையும் பாபிலோனியர் தலையில் சுமத்தினார்: மூன்றாவது 597இல், இரண்டாவது பத்தாண்டுகள் கழித்து. ஆல்பிரைட் உட்பட அக்காலத்துப் பெரியவர்கள் பலர் அதை ஏற்றார்கள். தம் தலைவரின் முடிவோடு பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த டஃப்னெல், இரண்டு அடுக்குகளின் பானைகளும் பத்தே ஆண்டுகளில் மாறக்கூடிய அளவைவிட மிகுதியாக வேறுபடுவதைக் கண்டார். 1953இல் வெளியிட்ட தொகுதியில், மூன்றாம் அடுக்கு சனகெரிப்பால் 701இல் அழிக்கப்பட்டது என்று எழுதினார். பிரிட்டிஷ் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் போன்றோர் அதை ஏற்கவில்லை. இருபது ஆண்டுகள் வாதம் நீடித்தது.

உசிஷ்கின் மேட்டின் பல பகுதிகளில் அடுக்குகளைப் பின்தொடர்ந்து, எளிய ஒரு வாதத்தை வைத்தார். சனகெரிப் லாகீசை எரித்தான் என்பதற்குச் சிற்பம் சாட்சி. ஆகவே எரிந்த அடுக்கு ஒன்று இருந்தாக வேண்டும். நான்காம் அடுக்கு தீயினால் முடியவில்லை. இரண்டாம் அடுக்கு பாபிலோனியர் காலத்தது. எஞ்சுவது வாயில், அரண்மனைக் கோட்டை, வீடுகள் எல்லாம் ஒருசேர எரிந்து, செங்கற்கள் தீயில் வெந்து நிறம் மாறிக் கிடக்கும் மூன்றாம் அடுக்கே. டஃப்னெல் சொன்னது சரி என்பது உறுதியாயிற்று.

இதனால் கிடைத்த பயன் லாகீசோடு நிற்கவில்லை. ஒரே நாளில் தரையில் நொறுங்கிய நூற்றுக்கணக்கான பானைகளுக்குத் துல்லியமான ஆண்டு கிடைத்துவிட்டதால், யூதா முழுவதிலும் வேறு எந்த ஊரில் அதே வடிவப் பானைகள் அகப்பட்டாலும் அந்த அடுக்கின் காலத்தைக் கணிக்க முடிகிறது.

"அரசனுக்குரியது" என்ற முத்திரையிட்ட சாடிகள் எவை?

மூன்றாம் அடுக்கில் ஏறத்தாழ 45 லிட்டர் கொள்ளும் பெரிய சாடிகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் கைப்பிடியில், நான்கு சிறகுள்ள வண்டு அல்லது இரட்டைச் சிறகுள்ள சூரிய வட்டு உருவமும், அரசனுக்குரியது என்ற சொல்லும், எப்ரோன், சீப், சோக்கோ, மம்சத் ஆகிய நான்கு பெயர்களில் ஒன்றும் முத்திரையிடப்பட்டுள்ளன. கடைசிப் பெயர் எந்த ஊரைக் குறிக்கிறது என்பது இன்றும் தீராத புதிர். லாகீசில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட முத்திரைகள் கிடைத்துள்ளன. யூதாவில் வேறெங்கும் இத்தனை கிடைத்ததில்லை. களிமண் பகுப்பாய்வில் இவை அனைத்தும் செபேலாப் பகுதியின் ஒரே வகை மண்ணால் ஆனவை என்று தெரிந்தது. எண்ணெயோ திராட்சரசமோ அரச ஏற்பாட்டில் சேமிக்கப்பட்டதற்கு இவை அடையாளம்.

குகையில் கிடைத்த எலும்புகள் முற்றுகையில் இறந்தவர்களுடையவையா?

மேட்டின் சரிவிலுள்ள பழைய கல்லறைக் குகைகளில் ஏறத்தாழ 1,500 பேரின் எலும்புகள் ஒழுங்கின்றிக் கொட்டப்பட்டிருந்தன. அவற்றின் மேல் விலங்கு எலும்புகள், பெரும்பாலும் பன்றியுடையவை, கிடந்தன. பெண்களும் சிறுவர்களும் அவர்களில் உண்டு. முற்றுகைக்குப் பின் நகரத்தைத் துப்புரவாக்கியபோது கொட்டப்பட்டவையாக இருக்கலாம் என்பது ஏற்கத்தக்க ஊகம். லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 695 மண்டையோடுகளில் மூன்றில் அறுவை செய்து துளையிட்ட தழும்பு இருக்கிறது.

வாயிலில் கண்டெடுத்த வழிபாட்டு அறை எசேக்கியாவின் சீர்திருத்தத்தைக் காட்டுகிறதா?

யூதா நாட்டில் அறியப்பட்ட வாயில்களில் மிகப் பெரியது இது. பக்கத்துக்கு ஏறத்தாழ 24.5 மீட்டர், உள்ளே ஆறு அறைகள். அவற்றுள் ஒன்றில் மூலைக் கொம்புகள் வெட்டப்பட்ட இரண்டு பலிபீடங்களும், நடுவே துளையிட்ட நாற்காலி வடிவக் கல்லும் கிடைத்ததாக 2016இல் அறிவிக்கப்பட்டது. அக்கல் கழிப்பிருக்கை என்றும், ஆய்வகச் சோதனையில் அது பயன்படுத்தப்பட்டதாகத் தெரியவில்லை என்றும், பாகாலின் கோவிலை இஸ்ரவேலின் அரசன் யெகூ மலசலக்கூடமாக்கிய செய்தியைப் போல (2 இராஜாக்கள் 10:27) இதுவும் அடையாளமாகத் தீட்டுப்படுத்தியதே என்றும் அகழ்ந்தவர்கள் விளக்கினார்கள். மேடைகள் எனப்பட்ட உள்ளூர் வழிபாட்டிடங்களை எசேக்கியா அகற்றினான் என்ற வசனத்தோடு அதை இணைத்தார்கள். எல்லா அறிஞர்களும் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பலிபீடத்தின் கொம்பு உடைந்தது கண்ணுக்குத் தெரிகிறது. யாருடைய ஆணையால் உடைந்தது என்பது தெரிவதில்லை. இந்த இடத்தில் அவசரப்படாமல் இருப்பதே நல்லது.

லாகீஸ் மடல்கள் என்பவை எவை?

1935இல், இரண்டாம் அடுக்கின் வாயிலருகே ஓர் அறையின் சாம்பலுக்குள் மையால் எழுதப்பட்ட 18 பானை ஓடுகளை ஸ்டார்க்கியின் குழுவினர் கண்டெடுத்தனர். 1938இல் மேலும் மூன்று கிடைத்தன. பழைய எபிரெய எழுத்தில் உள்ள இவற்றை முதலில் வாசித்து வெளியிட்டவர் டோர்ச்சினர். பெரும்பாலானவை, கீழ்நிலை அதிகாரி ஒருவர் யாவோஷ் என்ற மேலதிகாரிக்கு எழுதியவை. "உம்முடைய அடியானாகிய நாய் யார்" என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்கமான பணிவுச்சொல் அவற்றில் வருகிறது.

மூன்றாம் மடல் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஓசாயா என்ற அந்த எழுத்தாளருக்கு மேலதிகாரி முன்பு அனுப்பிய கடிதத்தில், உனக்கு வாசிக்கத் தெரியாது என்ற தொனியில் ஏதோ எழுதிவிட்டார் போலும். அக்கடிதம் வந்ததிலிருந்து தன் மனம் நோகிறது என்று தொடங்கி, எனக்குக் கடிதம் வாசித்துக்காட்ட எவனும் முயன்றதில்லை, வருகிற கடிதங்களை நானே வாசித்து ஒன்றுவிடாமல் சொல்ல முடியும் என்று கர்த்தரின் பேரில் ஆணையிட்டு எழுதுகிறார். அதன் பிறகே அலுவல் தொடங்குகிறது: எல்நாத்தானின் மகனான படைத்தலைவன் எகிப்துக்குப் போகும் வழியில் வந்துசென்றான், எச்சரிக்கையாயிரு என்று தீர்க்கதரிசி ஒருவர் மூலமாக வந்த கடிதத்தை அனுப்பிவைக்கிறேன் என்கிறார். நாடு அழியும் தறுவாயில், எல்லைக் காவலில் இருந்த சாதாரண அதிகாரிகூட எழுத்தறிவைத் தன்மானத்தோடு சேர்த்து எண்ணினார் என்பது இந்த ஓட்டினால்தான் நமக்குத் தெரிகிறது.

நான்காம் மடல் எரேமியா 34:7ஐ உறுதிப்படுத்துகிறதா?

பாபிலோன் அரசனின் படை முற்றுகையிட்டபோது, யூதாவின் அரணான நகரங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டுமே மீந்திருந்தன என்று எரேமியா சொல்கிறது. நான்காம் மடலில், ஐயா கொடுத்த குறிப்புகளின்படியே லாகீசின் தீக்குறிகளை எதிர்பார்த்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்ற வாக்கியம் வருகிறது. அசெக்கா வடகிழக்கே சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கிறது. அசெக்கா அப்போதுதான் வீழ்ந்துவிட்டது என்று பலர் உருக்கமாக விளக்குவதுண்டு. ஆனால் எழுதியவர் நின்ற இடத்திலிருந்து அசெக்காவின் தீ தென்படாது என்பதாகவும் அவ்வாக்கியத்தைப் புரிந்துகொள்ளலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவே: இரண்டு நகரங்களும் ஒரே தீக்குறி அமைப்பில் பெயர் பெறுகின்றன, மடலும் எரேமியாவும் ஒரே பத்தாண்டைச் சேர்ந்த நிலைமையைப் பேசுகின்றன. அதற்கு மேல் கதை கட்டாமலே இந்த ஓடு போதுமான மதிப்புடையது.

அப்படியானால் லாகீஸ் வேதாகமத்தை நிரூபிக்கிறதா?

ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. சனகெரிப்பின் படையெடுப்பும், அவன் லாகீசில் இருந்ததும், பாபிலோனியர் காலத்தின் இறுதி நெருக்கடியும் வெளிச்சான்றுகளால் உறுதியானவை. யோசுவா நூலின் படையெடுப்புக்கு அத்தகைய உறுதி இல்லை. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் லாகீசை அரண்செய்ததாக 2 நாளாகமம் 11ஆம் அதிகாரம் சொல்வதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது; ஐந்தாம் அடுக்கைச் சேர்ந்த மதிலையும் ஒலிவ விதைகளின் கரிமக் காலக்கணிப்பையும் கொண்டு கார்ஃபிங்கெல் அதை ஆதரிக்கிறார், வேறு சிலர் மறுக்கிறார்கள். விசுவாசியாக வாசிப்பவரும் வரலாறாக வாசிப்பவரும் இந்த வேறுபாடுகளை வசனத்துக்கு வசனம் ஏற்பதே நேர்மை.

பாபிலோனியருக்குப் பிறகு ஊர் என்ன ஆனது?

சில காலம் பாழாய்க் கிடந்து, பாரசீகர் காலத்தில் ஆளுநர் மாளிகையோடு மீண்டும் எழுந்தது. நெகேமியா 11:30இல் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய ஊர்களில் லாகீசும் ஒன்று. கிரேக்கர் காலத்துக்குப் பின் மேட்டின் மேல் நகரம் இல்லை.

2023இல் பாரசீக மன்னன் தாரியுவின் பெயருள்ள ஓடு கிடைத்ததாகச் செய்தி வந்ததே?

தெல் லாகீசுக்கு வந்த பார்வையாளர் ஒருவர், தாரியுவின் 24ஆம் ஆண்டு என்று அரமேய மொழியில் எழுதிய ஓட்டைக் கண்டெடுத்ததாக 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் இஸ்ரேல் தொல்பொருள் துறை அறிவித்தது. சில நாட்களுக்குள்ளேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. முந்திய கோடையில் அங்கே பணியாற்றிய வெளிநாட்டு அறிஞர் ஒருவர், பழங்காலத்தில் ஓடுகளில் எப்படிக் கீறி எழுதினார்கள் என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எழுதி, அங்கேயே விட்டுச்சென்ற ஓடு அது. ஓடு உண்மையிலேயே பழையது என்பதாலும், எழுத்தை எழுதியவர் துறை வல்லுநர் என்பதாலும் முதற்கட்டச் சோதனைகளில் ஐயம் எழவில்லை. தவறு தெரிந்தவுடன் மறைக்காமல் அறிவித்தது பாராட்டுக்குரியது. மண்ணடுக்கின் மேற்பரப்பில், எந்த அடுக்கோடும் தொடர்பின்றிக் கிடைக்கும் பொருளைக்கொண்டு வரலாறு எழுதக்கூடாது என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இதனால் நன்றாக விளங்கும். வாயிலருகே சாம்பலுக்குள் புதைந்து கிடைத்த 18 மடல்களுக்கும் இந்த ஓட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இவற்றையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா?

மேடு தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. வாயிலையும், அரண்மனைக் கோட்டையின் உயர்ந்த அடித்தளத்தையும், முற்றுகைப் பாதையையும் நடந்து பார்க்கலாம். வெயில் கடுமையான இடம் என்பதால் காலையிலேயே ஏறுவது நல்லது. சிற்பப் பலகைகளும் சில மடல்களும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சிய மடல்களும் மற்றப் பொருள்கள் பலவும் எருசலேமின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சிற்பத்தை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்குச் செல்ல வாய்ப்புக் கிடைப்பவர்கள், தென்மேற்கே எதிர்க்குன்றின் பக்கம் போய் நின்று நகரத்தைப் பார்க்க வேண்டும். சிற்பத்தில் வாயிலும் சரிவுப்பாதையும் அமைந்துள்ள விதம் அந்தத் திசையிலிருந்து பார்க்கும்போதே பொருந்துகிறது. சனகெரிப்பின் பாசறை அப்பக்கத்தில்தான் இருந்திருக்கும் என்று உசிஷ்கின் முடிவுசெய்ததும் அதைக் கொண்டே.